முதலில் இடது மேல் மூலை: புரோ டூல்ஸ் எடிட் விண்டோவில் வழி தெரிந்து நடக்க

நான் வேலை பார்ப்பது மும்பை அந்தேரி மேற்கில். இந்தியில் எடுத்த விளம்பரங்களும் தொடர்களும், எப்போதாவது ஒரு முழுப்படமும் தமிழுக்கு வரும். குரல் கொடுத்தவர்கள் பேசி முடித்து ரயில் பிடிக்கப் போன பிறகு, அந்தக் குரல்களை வாயசைவோடு பொருத்தி, மூச்சு, இருமல், நாற்காலிக் கிறீச்சல் எல்லாவற்றையும் களைந்து கொடுப்பது என் பங்கு. டயலாக் எடிட்டர் என்பார்கள். அந்த வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒலி மென்பொருள் புரோ டூல்ஸ், அதில் வெட்டி ஒட்டும் திரை எடிட் விண்டோ.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு தொடரின் 40 நிமிடப் பகுதியைக் கையில் கொடுத்தார்கள். கதாநாயகியின் அம்மாவாகப் பேசியவர் எட்டாவது நிமிடத்தில் லேசாக இருமியிருந்தார். அரை நொடிதான். தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், அடுத்த காட்சிக்குப் போனேன். மறுநாள் வசனம், இசை எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் அறையில் உட்கார்ந்து பார்த்தால் எட்டாவது நிமிடத்துக்குப் பிறகு அந்த அம்மா எங்கே பேசினாலும் வாய் திறப்பதற்கு முன்பே வார்த்தை வந்து விழுகிறது. மற்ற எல்லோரும் சரி, அம்மா மட்டும் அரை நொடி அவசரக்காரி. நான் தொட்டது ஒரே ஓர் இருமல். ஆனால் தொட்டபோது திரையின் இடது மேல் மூலையில் எந்த முறை எரிந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

அண்மையில் தாராவியிலிருந்து ஒரு தம்பி பழக வந்தான். காணொளி பார்த்துப் பார்த்து நாற்பது குறுக்கு விசைகள் மனப்பாடம். இரண்டாம் நாளே, "அக்கா, நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே ஓடிப்போய்விட்டது" என்று வந்து நின்றான். எதுவும் அதுவாக ஓடாது. எடிட் விண்டோவில் கருவிகளைக் கற்பது ஒரு மாலை வேலை. எந்த நிலையில் நிற்கிறோம் என்று படித்துவிட்டுக் கை வைக்கும் பழக்கம்தான் வருவதற்கு நாளாகும். அதனால் நிலையை முன்னாலும் கருவிகளைப் பின்னாலும் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

விசைகளை விண்டோஸ் கணக்கில் சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் என்ற இடத்தில் கமாண்ட், ஆல்ட் என்ற இடத்தில் ஆப்ஷன், ஸ்டார்ட் (விண்டோஸ் சின்னம் போட்ட விசை) என்ற இடத்தில் கன்ட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழக ஒரு செஷன்

வாடிக்கையாளரின் வேலையில் பழகாதீர்கள். புரோ டூல்ஸ் இன்ட்ரோ என்ற பதிப்பு இலவசம், 8 ஆடியோ டிராக் (ஒலியை வைக்கும் நீள வரிசை) தருகிறது. 1991-இல் முதல் புரோ டூல்ஸ் வெளிவந்தபோது காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்ததே 4 டிராக்தான். பழக இது தாராளம்.

ஒரு வேலைக்கான புரோ டூல்ஸ் கோப்பைத்தான் செஷன் என்பார்கள். புதிய செஷன் திறக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வையுங்கள். படத்துக்கான ஒலி எங்கும் 48-இல்தான் போகும். பிறகு ஒரு செய்தித்தாளை எடுத்துக் கைப்பேசியில் மூன்று நிமிடம் உரக்கப் படித்துப் பதிவு செய்யுங்கள். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தடுமாறுங்கள், ஓரிடத்தில் இருமுங்கள். படித்து முடித்ததும் பத்து நொடி பேசாமல் இருங்கள், பதிவு ஓடட்டும். அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆடியோ இறக்குமதிப் பெட்டி திறக்கும். அதில் 'ஆட்' என்றும் 'காப்பி' என்றும் இரண்டு இருக்கும். காப்பி கொடுங்கள். ஆட் கொடுத்தால் கோப்பு பழைய இடத்திலேயே, பென் டிரைவிலோ பதிவிறக்கக் கோப்புறையிலோ, இருக்கும். பென் டிரைவைப் பிடுங்கியதும் செஷன் கோப்பைக் காணோம் என்று அழும். காப்பி கொடுத்தால் செஷன் கோப்புறைக்குள்ளேயே 'ஆடியோ ஃபைல்ஸ்' என்ற இடத்தில் வந்து உட்காரும்.

திரையில் என்னென்ன இருக்கிறது

புரோ டூல்ஸுக்கு இரண்டு பெரிய முகங்கள். ஒன்று மிக்ஸ் விண்டோ, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் நெடுக நெடுக நிற்கும். மற்றது எடிட் விண்டோ. கன்ட்ரோலோடு சமக்குறியைத் தட்டினால் இரண்டுக்கும் மாறி மாறிப் போகலாம். ஃபேடர்களைக் கண்டு மிரண்டுவிட்டால் அதைத் தட்டித் திரும்பிவிடுங்கள்.

எடிட் விண்டோவின் தலைப்பகுதியில் ஒரு கருவிப்பட்டை. அதன் இடது கோடியில் ஷஃபிள், ஸ்லிப், ஸ்பாட், கிரிட் என்ற நான்கு பொத்தான்கள். அடுத்து ஜூம் பொத்தான்கள், பிறகு ஆறு கருவிகள், பிறகு பெரிய எழுத்தில் நேரம் காட்டும் கவுன்டர். பட்டைக்குக் கீழே நேரக்கோடுகள், அவற்றுக்கும் கீழே டிராக்குகள். இடதுபுறம் டிராக் பட்டியலும் அதன் கீழ் குழுப் பட்டியலும். வலதுபுறம் கிளிப் பட்டியல். இடவலப் பட்டியல்கள் இரண்டையும் முதல் வாரம் மூடி வைத்துவிடலாம், மடிக்கணினித் திரையில் அவை இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் குழுப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், திரும்பி வருவோம்.

டிராக்கில் அலைவடிவத்தோடு பெட்டி பெட்டியாகக் கிடப்பவை கிளிப்புகள். மூத்தவர்கள் இதை ரீஜன் என்பார்கள். 2011-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் பெயர் கிளிப் என்று மாறியது. எங்கள் ஸ்டூடியோவில் இருபது வருடம் ஆன ஒருவர் இன்னும் ரீஜன் என்றுதான் சொல்வார். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம்.

கிளிப் என்பது ஒலியே கிடையாது, ஒலிக் கோப்பின் மேல் வைத்த ஜன்னல். நீங்கள் வெட்டுவதும் சுருக்குவதும் ஜன்னலைத்தான். பின்னாலிருக்கும் பதிவு முழுசாக அப்படியே கிடக்கும். வெட்டிய கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போனதாக நினைத்த சொல் திரும்ப வரும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் தம்பியின் கை நடுக்கம் நின்றது. மெய்யாகவே அழிக்கக்கூடியது ஒன்றிரண்டுதான்: கிளிப் பட்டியலில் போய் 'டெலீட்' கொடுத்து வட்டிலிருந்தே நீக்குவது, பென்சில் கருவியால் அலைவடிவத்தின் மேலேயே வரைவது. இரண்டின் பக்கமும் போகாதீர்கள்.

நான்கு முறைகள்: இங்கேதான் தங்க வேண்டும்

ஒரு கிளிப்பை நகர்த்தினால், வெட்டினால், அழித்தால் பக்கத்துக் கிளிப்புகளுக்கு என்ன ஆகும்? இந்த ஒரு கேள்விக்கு நான்கு பதில்கள். அவைதான் நான்கு முறைகள். எஃப் 1 ஷஃபிள், எஃப் 2 ஸ்லிப், எஃப் 3 ஸ்பாட், எஃப் 4 கிரிட். மேக்கில் எஃப் விசைகள் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் கணினியின் விசைப்பலகை அமைப்பில் அதை மாற்ற வேண்டும்.

ஸ்லிப்பிலிருந்து தொடங்குகிறேன், நாள் முழுவதும் நாம் இருக்கவேண்டிய இடம் அது. மரைன் டிரைவ் கட்டைச் சுவரில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பவர்களைப் போல: ஒருவர் எழுந்து போனால் அந்த இடம் காலி, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் அசையமாட்டார். கிளிப்பை அழித்தால் அங்கே வெற்றிடம் விழும், மற்றவை இருந்த நேரத்திலேயே இருக்கும். படத்தோடு பொருத்தும் எந்த வேலைக்கும் ஸ்லிப்தான்.

ஷஃபிள் என்பது லோக்கல் ரயில் பெஞ்சு. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் வந்தால் எல்லோரும் நகர்வார்கள். நடுவில் ஒருவர் எழுந்தால் மிச்சப்பேர் சறுக்கி இடத்தை நிரப்பிக்கொள்வார்கள். கிளிப்பை அழித்தால் அதற்குப் பின்னால் அந்த டிராக்கில் உள்ள அத்தனையும் முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். ஓரத்தைச் சுருக்கினாலும் அப்படியே. என் இருமல் கதை புரிந்திருக்கும்.

அதற்காக ஷஃபிளைத் திட்ட முடியாது. ஒரே குரல், ஒரே டிராக், படம் கிடையாது என்றால் இதைவிட வேகமான முறை இல்லை. ஒலிப்புத்தகம், வானொலி உரை, நீங்கள் பதிவு செய்த செய்தித்தாள் வாசிப்பு இவற்றில் தடுமாறிய இடத்தைத் தேர்ந்து அழித்தால் ஓட்டை தானே அடைபடும். அடியில் இசை டிராக் ஒன்று சேர்ந்துவிட்டாலோ கதை மாறும்: பேச்சு மட்டும் நகரும், இசை நகராது. அப்போது இரண்டு டிராக்கையும் சேர்த்துத் தேர்வு செய்தால் ஒழிய ஷஃபிளில் கை வைக்காதீர்கள்.

நான் செய்வது இது: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஷஃபிள் பொத்தானைக் கிளிக் செய்தால் அதன் மேல் ஒரு சின்னப் பூட்டு விழும். அதன் பிறகு எஃப் 1 தவறிப் பட்டாலும் ஷஃபிளுக்குள் போகாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எந்த செஷனைத் திறந்தாலும் என் முதல் கிளிக் இதுதான். வேண்டும்போது மறுபடி அதே மாதிரி கிளிக் செய்தால் பூட்டு விலகும்.

ஸ்பாட் முறை நாகர்கோவில் வண்டியில் முன்பதிவு செய்த படுக்கை. இஷ்டத்துக்கு உட்கார முடியாது, எண் கேட்பார்கள். கிளிப்பைத் தொட்டதும் ஒரு பெட்டி திறந்து 'எந்த நேரத்தில் வைக்க?' என்று கேட்கும். இயக்குநர் தரப்பிலிருந்து "இந்த வசனம் 01:12:07:10-இல் தொடங்க வேண்டும்" என்று தாள் வந்தால் இதுதான் வழி. இதற்குள் ஒரு புதையலும் உண்டு. பதிவான ஒவ்வொரு கிளிப்பும் தான் முதலில் பதிவான நேரத்தை நினைவில் வைத்திருக்கும். கிளிப் எங்கேயோ நகர்ந்துவிட்டது, பழைய இடம் தெரியவில்லை என்றால், ஸ்பாட் பெட்டியில் 'ஒரிஜினல் டைம் ஸ்டாம்ப்' பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி ஓகே கொடுங்கள். பிறந்த வீட்டுக்குப் போய்விடும். அந்த அம்மாவின் வசனங்களை அன்று மீட்டது இப்படித்தான், ஒவ்வொன்றாக, இரவு பதினோரு மணி வரை.

கிரிட் புள்ளிக்கோலம். புள்ளிக்குப் புள்ளிதான் கோடு போகும், நடுவில் நிற்காது. இசை வேலையில் தாளக்கட்டுக்குப் பொருத்த இது இல்லாமல் முடியாது. வசனத்துக்கு நான் அதிகம் போவதில்லை, மனிதர்கள் புள்ளி பார்த்துப் பேசுவதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் 'அப்சலூட்', 'ரிலேட்டிவ்' என்று இரண்டு வகை தெரியும். முதலாவது கிளிப்பைப் புள்ளியின் மேலேயே கொண்டுபோய் உட்கார்த்தும். இரண்டாவது, புள்ளியிலிருந்து கிளிப் எவ்வளவு விலகியிருந்ததோ அந்த விலகலைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்த்தும். மிருதங்கம் வாசித்தவர் அடியைச் சற்றே தள்ளிப் போட்டிருந்தால், அந்த அழகு கெடாமல் நகர்த்த ரிலேட்டிவ்.

இப்போது ஒரு பயிற்சி. உங்கள் பதிவை நான்கைந்து கிளிப்பாக வெட்டி, நடுவில் ஒன்றை நான்கு முறையிலும் மாறி மாறி நகர்த்திப் பாருங்கள், அழித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் இசட் கொடுத்துத் திரும்புங்கள். அரைமணி நேரம் போதும். வாய்விட்டு முறையின் பெயரைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தம்பி இதற்குச் சிரித்தான், ஆனால் இப்போதும் உதட்டுக்குள் முணுமுணுக்கிறான்.

நேரத்தைப் படிப்பது

கவுன்டருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணத்தை அழுத்தினால் நேரத்தை எந்த அளவையில் காட்டுவது என்று கேட்கும்: நிமிடமும் நொடியும், தாளக்கட்டு, டைம்கோட், சாம்பிள் (ஒலியை அளக்கும் மிகச் சிறிய துண்டு). படவேலைக்கு டைம்கோட். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் (படத்தின் ஒரு சட்டம்) என நான்கு ஜோடி எண்கள். இந்தியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம், திரைப்படத்துக்கு 24. 25 என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி, 48 கிலோஹெர்ட்ஸில் 1,920 சாம்பிள். 24 என்றால் சரியாக 2,000 சாம்பிள். படம் எந்த வேகத்தில் வந்ததோ அதுவே செஷன் அமைப்பிலும் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். உங்கள் பதிப்பில் டைம்கோட் தெரியாவிட்டால் நிமிட நொடியிலேயே பழகலாம், 40 மில்லிநொடி ஒரு ஃபிரேம் என்ற கணக்கு கையில் இருந்தால் போதும்.

கர்சரை ஓரிடத்தில் வைக்கிறீர்கள், ஸ்பேஸ் தட்டினால் வேறெங்கிருந்தோ ஓடுகிறது. புதியவர்கள் கணினி கெட்டுவிட்டது என்று நினைக்கும் இடம் இது. 'லிங்க் டைம்லைன் அண்ட் எடிட் செலக்ஷன்' என்ற பொத்தான் அணைந்திருக்கும். ஷிஃப்டோடு சாய்கோட்டைத் தட்டினால் ஏறும், இறங்கும். வேண்டுமென்றே அணைப்பதற்கும் காரணங்கள் உண்டு, ஆனால் முதல் ஆறு மாதம் அது எரிந்தபடியே இருக்கட்டும்.

நிறுத்தியதும் கர்சர் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா, நின்ற இடத்திலேயே தங்குகிறதா என்பதும் ஒரு பொத்தான்தான்: 'இன்செர்ஷன் ஃபாலோஸ் பிளேபேக்'. வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வெட்டும்போது அணைத்து வையுங்கள். நீளக் கேட்டுக்கொண்டே போகும்போது ஏற்றுங்கள்.

கருவிகள், சுருக்கமாக

எஃப் 5 பூதக்கண்ணாடி, எஃப் 6 ஓரம் சுருக்கும் டிரிம், எஃப் 7 தேர்வு செய்யும் செலக்டர், எஃப் 8 பிடித்து நகர்த்தும் கிராபர், எஃப் 9 உரசிக் கேட்கும் ஸ்கிரபர், எஃப் 10 பென்சில். ஆறையும் தனித்தனியாகப் பழகி நேரத்தைச் செலவிடாதீர்கள். எஃப் 6, 7, 8 இவற்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்து அழுத்தினால் ஸ்மார்ட் டூல் வரும். மூன்றும் ஒரே கையில் வந்துவிடும், கிளிப்பின் எந்த மூலையில் மவுஸ் நிற்கிறதோ அதற்கேற்ப அது மாறிக்கொள்ளும்.

மேல் பாதியில் நின்றால் தேர்வு. கீழ்ப் பாதியில் நின்றால் கை. ஓரத்துக்குப் போனால் டிரிம். மேல் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரிந்தால் அது ஃபேட், ஒலி மெல்ல ஏறுவது அல்லது இறங்குவது. இரண்டு கிளிப் ஒட்டியிருக்கும் இடத்தில் கீழ் மூலைக்குப் போனால் கிராஸ்ஃபேட், ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறுவது. டிராக் உயரம் மிகக் குறைவாக இருந்தால் மேல் பாதி எது கீழ்ப் பாதி எது என்று மவுஸுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிராக்குகள் கிடக்கும் பகுதியின் வலது மேல் மூலையில் 'ஏ-இசட்' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அதை ஏற்றினால் ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யும்: பி (ஆங்கில அகரவரிசையில் இரண்டாவது) வெட்டும், ஆர் பார்வையைச் சுருக்கும், டி (இருபதாவது) பெரிதாக்கும். பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், நாளுக்கு இரண்டு போதும். கிளிப்புக்குப் பெயரிடத் தமிழ் விசைப்பலகைக்கு மாறியிருந்தால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டு இவற்றைத் தட்டுங்கள்.

பெரிதாக்கும் ஆசை

ஜூம் பற்றி ஓர் எச்சரிக்கை. முழு செஷனையும் பார்க்க ஆல்ட் ஏ, தேர்ந்த பகுதி திரையை நிரப்ப ஆல்ட் எஃப். இந்த இரண்டும் இருந்தால் எங்கேயும் தொலையமாட்டீர்கள். கர்சர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் இடது அம்பு விசையை ஒருமுறை தட்டுங்கள், திரை அங்கே வந்து நிற்கும்.

அலைவடிவத்தின் உயரத்தையும் தனியாகப் பெரிதாக்கலாம். மெல்லிய மூச்சைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் அது கண்ணுக்கு மட்டும்தான், ஒலி ஒரு டெசிபல்கூட ஏறாது. தம்பி ஒருநாள் எல்லா வசனமும் சத்தமாக இருக்கிறது என்று குறைத்துக்கொண்டே போனான். பார்த்தால் காட்சி உயரம்தான் ஏறியிருந்தது. சத்தத்தை மெய்யாகவே மாற்ற கிளிப்பின் கீழ் இடது மூலையில் ஒரு குட்டி ஃபேடர் சின்னம் இருக்கும், அதுதான் கிளிப் கெயின். தெரியாவிட்டால் வியூ பட்டியலில் கிளிப் என்பதன் கீழ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் திரையை நிரப்பும் அளவுக்கு மேல் பெரிதாக்கி வெட்டாதீர்கள். அதற்கு மேல் போனால் கண் வெட்டும், காது தூங்கிவிடும்.

தமிழை எங்கே வெட்டுவது

பள்ளியில் மனப்பாடம் செய்த வல்லினம், மெல்லினம், இடையினம் எனக்குச் சம்பளம் வாங்கித் தருவது இங்கேதான். 'பக்கம்' என்று சொல்லிப் பதிவு செய்து அலைவடிவத்தைப் பாருங்கள். 'க்' வரும் இடத்தில் கோடு தட்டையாகப் படுத்துவிடும். நாக்கு காற்றை அடைத்து நிறுத்தியிருக்கும் நேரம் அது. அடுத்த 'க' திறக்கும்போது ஒரு குத்து எழும். அந்தத் தட்டையில் எங்கே வெட்டி எதை ஒட்டினாலும் காதுக்குத் தெரியாது.

இப்போது 'பகல்' சொல்லுங்கள். அதே எழுத்துதான், தட்டையைக் காணோம். ஒற்றைக் ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே உரசிக்கொண்டே போய்விடுகிறது. அங்கே வெட்டினால் தடம் தெரியும். ஆகவே இரட்டித்த வல்லினமும், நிறுத்திவிட்டுத் தொடங்கும் சொல்லின் முதல் வல்லினமும் நமக்குக் கதவுகள். 'வீட்டுக்குப் போனாள்' என்ற தொடரில் மட்டும் மூன்று கதவுகள் இருக்கின்றன: ட்ட, க்க, பிறகு இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒற்று மிகுந்து நிற்கும் ப். தமிழாசிரியர் ஒற்று மிகும் இடம் என்று உயிரை எடுத்தது இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'இனிமை', 'மலை', 'வருவான்' போன்றவை ஒரே ஓட்டம். மெல்லினமும் இடையினமும் உயிரெழுத்தோடு இழைந்து போகும், கத்தி வைக்க இடமிருக்காது. அப்படிப்பட்ட சொல்லில் தடுமாற்றம் வந்தால் அந்தச் சொல்லோடு போராடாமல், முன்னால் இருக்கும் வல்லினக் கதவு வரை பின்னே போய், இன்னொரு டேக்கிலிருந்து, அதாவது அதே வசனத்தின் இன்னொரு பதிவிலிருந்து, தொடரையே எடுத்துவிடுங்கள்.

வெட்டும் வேலைக்கு டேப் விசை நல்ல துணை, கிளிப் விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குத் தாவும். 'டேப் டு டிரான்சியன்ட்' ஏறியிருந்தால் மட்டும் அசைக்கு அசை நின்று நின்று போகும். தபலாவுக்கு அருமை, பேச்சுக்குத் தலைவலி. அணைத்துவிடுங்கள். நடுவே தவறாக வெட்டிவிட்டு, இரண்டு துண்டும் நகராமல் இருந்தால், இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து கன்ட்ரோல் எச் கொடுங்கள். தழும்பு இல்லாமல் கூடிவிடும்.

வெட்டிய இரு ஓரத்திலும் ஃபேட் போடாவிட்டால் சில இடங்களில் 'டிக்' என்று கேட்கும். சில மில்லிநொடி ஃபேட் போதும். 'ஏ-இசட்' ஏறியிருக்கும்போது கிளிப்புக்குள் கர்சரை வைத்து டி (ஆங்கில அகரவரிசையில் நான்காவது) தட்டினால் தொடக்கத்திலிருந்து கர்சர் வரை ஃபேட், ஜி தட்டினால் கர்சரிலிருந்து முடிவு வரை.

ஃபேட் போட்டும் இருமல் போன இடத்தில் ஒரு பள்ளம் கேட்கும். அறையே திடீரென்று காணாமல்போனது போலிருக்கும். பதிவின் கடைசியில் பத்து நொடி பேசாமல் இருக்கச் சொன்னேனே, அந்த ரூம் டோனிலிருந்து (யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் ஒலி) ஒரு துண்டை நகலெடுத்து அங்கே வைத்து இரு பக்கமும் கிராஸ்ஃபேட் கொடுங்கள். மும்பையில் மழைக்காலத்தில் பதிவு செய்தால் அந்த டோனுக்குள்ளேயே கூரைச் சத்தம் இருக்கும், ஆகவே ஒவ்வொரு அமர்வுக்கும் அன்றன்றைய டோன் வேண்டும்.

ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளுவது

வாயசைவுக்குப் பொருத்த மவுஸால் இழுக்காதீர்கள். கருவிப்பட்டையில் 'நட்ஜ்' என்ற பெட்டியில் 1 ஃபிரேம் அல்லது 10 மில்லிநொடி என்று வைத்து, கிளிப்பைத் தேர்ந்து, எண் விசைகளில் உள்ள கூட்டல் கழித்தலைத் தட்டுங்கள். மடிக்கணினியில் எண் விசைகள் இல்லையென்றால் ஒற்றை எழுத்து விசைகள் ஏறியிருக்கும்போது காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அதே வேலையைச் செய்யும்.

எதைப் பார்த்துத் தள்ளுவது? வசனத்தின் தொடக்கத்தை வைத்துப் பொருத்துவது புதியவர் வழக்கம். நான் உதடு மூடும் எழுத்துகளைத் தேடுவேன். இந்தியில் அவர் வாயை மூடித் திறந்த இடத்தில் தமிழில் ஒரு 'ப' அல்லது 'ம' விழுந்துவிட்டால், முன்னும் பின்னும் ஓரிரு ஃபிரேம் விலகினாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். உதடு மூடியிருக்கும்போது 'ஆ' கேட்டால் மன்னிக்கமாட்டார்.

ஸ்டார்ட் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் கழித்தல் தட்டினால் ஜன்னல் அசையாமல் உள்ளே இருக்கும் ஒலி மட்டும் நகரும். கிளிப்பின் இரு ஓரமும் சரியாக அமைந்துவிட்டது, பேச்சு மட்டும் ஒரு ஃபிரேம் தாமதம் என்ற நிலையில் இதைவிட நல்ல வழி கிடையாது.

பொருந்திய கிளிப்பைக் கன்ட்ரோல் எல் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டிய கிளிப்பைத் தாண்டி ஷஃபிள்கூட எதையும் நகர்த்தாது.

கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

ஒரு டிராக்கில் வெட்டினால் நான்கு டிராக்கிலும் வெட்டு விழுகிறதா? குழுப் பட்டியலைத் திறங்கள், 'ஆல்' என்ற குழு எரிந்துகொண்டிருக்கும். கிளிக் செய்து அணையுங்கள். கிளிப்பைப் பிடிக்கவே முடியவில்லை, கிளிக் செய்த இடத்தில் கோட்டில் புள்ளிதான் விழுகிறதா? டிராக் பார்வை 'வேவ்ஃபார்ம்' என்பதிலிருந்து 'வால்யூம்' என்று மாறியிருக்கும். டிராக் தலைப்பில் மாற்றிவிட்டு, விழுந்த புள்ளிகளை மறக்காமல் அழியுங்கள், இல்லையென்றால் மிக்ஸிங் அறையில் வசனம் நடுவில் அமுங்கும். எல்லாமே நகர்ந்திருக்கிறதா? இடது மேல் மூலை.

கன்ட்ரோல் இசட் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் செஷன் கோப்புறைக்குள் 'செஷன் ஃபைல் பேக்கப்ஸ்' என்று ஒன்று இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எத்தனை நகல் என்பதை விருப்பத்தேர்வுகளில் மாற்றலாம். அங்கிருந்து திறந்த நகலை உடனே வேறு பெயரில் சேமியுங்கள்.

வேலை முடிந்து மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது செஷன் கோப்பை மட்டும் அனுப்பினால் மறுபக்கம் வெறும் பெட்டிகள்தான் திறக்கும். கோப்புப் பட்டியலில் 'சேவ் காப்பி இன்' என்பதைத் தேர்ந்து, ஆடியோ கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். நகல் உருவானதும் மூல செஷனை மூடிவிட்டு, அந்த நகலைத் திறந்து தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் படத்தோடு ஓட்டிப் பாருங்கள். தம்பி போன வாரம் முதல்முறையாகத் தனியாக ஒரு விளம்பரத்தை இப்படி அனுப்பினான், 30 நொடி. மூன்று இடம் போதாது என்று ஒன்பது இடத்தில் ஓட்டிப் பார்த்தான். கடைசி ரயிலுக்கு முன் அனுப்பிவிட்டான்.